சுபம் போடாத படம்!

ஞாயிற்றுக்கிழமை. மாலை நேரம்.

வீட்டுக் கூடத்தில் ஓர் இளம்பெண் உட்கார்ந்து இருந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். அவள் கையில் செல்போன்.

விரலால் ஒரு தள்ளு. ஒரு படம் வரும். இன்னொரு தள்ளு. இன்னொரு படம் வரும்.

மணி 5 அடித்தது. பிறகு 6 அடித்தது. அம்மா கொண்டு வந்து வைத்த காப்பி ஆறிப் போய், ஆடை படிந்து கிடந்தது.

எதிரே இருந்த தாத்தா கேட்டார்:

"என்னம்மா பார்க்கிறே?"

"ரீல்ஸ், தாத்தா!"

"ஒரு மணி நேரமாப் பார்த்தியே, அதிலே ஏதாவது ஒண்ணு சொல்லு. நானும் கேட்கிறேன்."

பேத்தி யோசித்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

ஒரு நாய்க்குட்டி வந்தது. யாரோ ஆடினார்கள். யாரோ சமைத்தார்கள். என்ன சமைத்தார்கள்? நினைவுக்கு வரவில்லை.

"ஒண்ணும் ஞாபகம் வரலே, தாத்தா" என்றாள்.

சொல்லிவிட்டு, அவளே திடுக்கிட்டாள்!

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. ஊரெங்கும் நடக்கும் கதை. பார்க்கிறவர்களுக்கே அலுப்புத் தட்டிவிட்டது. "சே! இதைப் பார்த்து என்ன கண்டோம்?" என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால், மறுநாளும் அதே போன். அதே தள்ளு.

இது ஏன்?

குட்டையாக இருப்பது குற்றமா?

"எல்லாம் அரை நிமிடப் படங்கள். அதனால்தான் மனதில் நிற்பது இல்லை" என்று சிலர் கூறுகிறார்கள்.

அது சரி அல்ல.

திருக்குறள் எவ்வளவு நீளம்? இரண்டே அடி. ஏழே சீர். பள்ளிக்கூடத்தில் படித்த குறளைப் பாட்டியான பிறகும் மறக்காமல் சொல்கிறவர்கள் உண்டு. பழமொழி அதைவிடக் குட்டை. அது எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயிலும் வாழ்கிறது.

அஞ்சல் அட்டையை எடுத்துக் கொள்ளலாம். இந்தியாவில் அது 1879-ம் ஆண்டு வந்தது. விலை கால் அணா. அதில் பத்து வரி எழுதினால் இடம் தீர்ந்துவிடும். ஆனால் அந்தப் பத்து வரியை வீடே கூடி நின்று கேட்டது. படித்து முடித்ததும் கிழித்துப் போடவில்லை. சுவரில் தொங்கும் கம்பியில் குத்தி வைத்தார்கள். பத்து ஆண்டு கழித்து எடுத்துப் படித்தாலும் கண் கலங்கியது.

தந்தி இன்னும் குட்டை. சொல்லை எண்ணிக் காசு வாங்கினார்கள். அந்தச் சேவை 2013-ம் ஆண்டு ஜூலையில் நின்றுவிட்டது. ஆனால் ஒரு காலத்தில், நாலு சொல் உள்ள தந்தி ஒரு குடும்பத்தின் தலைவிதியையே மாற்றியது.

ஆகவே, குட்டையாக இருப்பது குற்றம் இல்லை.

இதற்கு வேறு ஒரு சாட்சியும் உண்டு. யூடியூப் ஷார்ட்ஸ் முதலில் ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. 2024 அக்டோபரில் அதை மூன்று நிமிடம் ஆக்கினார்கள். நீளம் கூடியது. பார்க்கிறவருக்கு நிறைவு கூடியதா? இல்லை!

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது?

முடிவு இல்லை!

பழைய தமிழ்ப் படங்கள் முடியும்போது திரையில் ஒரு சொல் வரும். "சுபம்" என்று வரும். அல்லது "வணக்கம்" என்று வரும்.

உடனே விளக்கு எரியும். ஜனங்கள் எழுந்து வெளியே வருவார்கள். வீட்டுக்கு நடக்கும்போது பேச்சு தொடங்கும்.

"அண்ணன் செய்தது நியாயமா?"

"அந்தத் தாய் அழுதாளே, அப்பப்பா!"

படம் கொட்டகையில் முடிந்தது. ஆனால் மனதில் அப்போதுதான் தொடங்கியது!

தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். அதற்கும் மங்களம் உண்டு. பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கல்யாண விருந்துக்குக்கூட மோர் உண்டு.

ரீல்ஸுக்கு மட்டும் மோரும் இல்லை, மங்களமும் இல்லை. ஒன்று முடியும் முன்பே அடுத்தது கீழே காத்து நிற்கிறது.

மாடு மேய்கிறது. வயிறு நிறைந்ததும் மரத்தடியில் படுக்கிறது. பிறகு அசை போடுகிறது. அசை போட்டால்தான் தின்றது உடம்பில் சேரும். படுக்கவே விடாமல் மாட்டை மேயவிட்டுக் கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

மனித மனமும் அப்படித்தான். பார்த்ததை அசை போட நேரம் வேண்டும். அந்த நேரத்தில்தான் பார்த்ததற்குப் பொருள் பிறக்கிறது. முடிவு இல்லாத இடத்தில் அசை போட நேரம் இல்லை. அசை போடாத இடத்தில் பொருள் இல்லை.

முடிவை எடுத்தவர் வருந்துகிறார்

இந்த முடிவை யார் எடுத்துவிட்டார்கள்?

அசா ரஸ்கின் என்று ஓர் அமெரிக்கர். கம்ப்யூட்டர் திரைகளை வடிவமைப்பவர். இவருடைய தந்தை ஜெப் ரஸ்கின், ஆப்பிள் நிறுவனத்தில் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டர் திட்டத்தைத் தொடங்கி வைத்தவர்.

அந்த நாளில் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் படித்தால், கீழே முடிந்துவிடும். "அடுத்த பக்கம்" என்று எழுதிய இடத்தை அமுக்க வேண்டும்.

"இது எதற்கு வீண் வேலை?" என்று ரஸ்கின் நினைத்தார். 2006-ம் ஆண்டு ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்தின் அடிக்குப் போனதும், மீதி தானாகவே வந்து சேரும். அடி என்பதே இல்லாமல் போயிற்று.

நல்லது செய்வதாக நினைத்துத்தான் அவர் அதைச் செய்தார். ஆனால், நிறுவனங்கள் அதைப் பிடித்துக் கொண்டன. "அடுத்த பக்கம்" என்று அமுக்குவதற்குள் மனிதனுக்கு ஒரு கணம் கிடைத்தது. "போதுமா? இன்னும் வேண்டுமா?" என்று கேட்டுக் கொள்ளும் கணம் அது. அந்தக் கணம் பறிபோயிற்று!

பிறகு ரஸ்கினே வருந்தினார். தன்னுடைய கண்டுபிடிப்பு மனிதர்களின் நேரத்தைத் தின்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2018-ம் ஆண்டு, கூகுளில் வேலை பார்த்த டிரிஸ்டன் ஹாரிஸ் முதலியவர்களோடு சேர்ந்து, இந்தத் தீமையை எடுத்துச் சொல்ல ஓர் அமைப்பையே தொடங்கினார்.

சமைத்தவரே "இதை அதிகம் சாப்பிடாதீர்கள்" என்கிறார். சாப்பிடுகிறவர்கள் கேட்க வேண்டாமா?

புறாவும் தானியமும்

"பிடிக்காவிட்டால் மூடி வைப்பதுதானே? யார் கையைப் பிடித்தார்கள்?" என்று கேட்கலாம்.

அதற்கு ஒரு புறா பதில் சொல்கிறது!

ஸ்கின்னர் என்பவர் அமெரிக்காவில் புகழ்பெற்ற மனநூல் அறிஞர். இவர் புறாக்களை வைத்துச் சோதனைகள் செய்தார். பெட்டியில் ஒரு வில்லை. புறா அதைக் கொத்தினால் தானியம் விழும்.

ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் விழுந்து பழகிய புறா என்ன செய்தது? தானியம் நின்றதும், சீக்கிரத்தில் கொத்துவதை விட்டுவிட்டது.

வேறொரு புறாவுக்குத் தானியம் எப்போது விழும் என்றே தெரியாது. சில சமயம் மூன்றாவது கொத்துக்கு விழும். சில சமயம் முப்பதாவது கொத்துக்கு விழும். அந்தப் புறா விடாமல் கொத்தியது. தானியத்தை நிறுத்திய பிறகும் வெகு நேரம் கொத்தியது!

ரீல்ஸும் இதே கணக்குத்தான். ஒன்பது படம் சப்பை. பத்தாவது படம் சிரிக்க வைக்கிறது. அடுத்த நல்ல படம் எப்போது வரும்? தெரியாது. ஆகவே விரல் தள்ளிக் கொண்டே இருக்கிறது.

ஆசையால் தள்ளுவது அல்ல. மகிழ்ச்சியால் தள்ளுவதும் அல்ல. வெறும் பழக்கத்தால் தள்ளுவது. அதனால்தான் போனைக் கீழே வைத்ததும் மனம் வெறிச்சென்று இருக்கிறது.

யாருக்கு லாபம்?

இந்தப் படங்களுக்குக் காசு இல்லை. இலவசம்!

இலவசமாகக் காட்டுகிறவர்களுக்கு வருமானம் எப்படி வருகிறது? நடுநடுவே விளம்பரம் வருகிறது. அதிக நேரம் பார்த்தால் அதிக விளம்பரம். அதிக விளம்பரம் என்றால் அதிகப் பணம்.

பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனத்துக்கு 2024-ம் ஆண்டு வந்த வருமானம், 16,400 கோடி டாலருக்கு மேல். அதில் மிகப் பெரும் பகுதி விளம்பரப் பணம்.

பார்க்கிறவர் காசு கொடுக்கவில்லை. நேரத்தைக் கொடுத்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய கொட்டகைக்காரருக்குப் படம் முடிய வேண்டும். முடிந்தால்தான் அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் விற்கலாம். இந்தப் புதிய கொட்டகைக்காரருக்குப் படம் முடியவே கூடாது. முடிந்தால் நஷ்டம்! இவர் எப்படி "சுபம்" போடுவார்?

ஒன்று போயிற்று, இரண்டு வந்தன

அமெரிக்காவில் 2013-ம் ஆண்டு "வைன்" என்று ஒன்று வந்தது. ஒவ்வொரு படமும் 6 விநாடிதான்! நான்கு ஆண்டு கழித்து, 2017-ம் ஆண்டு ஜனவரியில் அது மூடப்பட்டது.

அதே 2017-ல், சீன நிறுவனத்தின் டிக்டாக் வெளிநாடுகளுக்குக் கிளம்பியது. தமிழ்நாட்டுப் பட்டிதொட்டி எல்லாம் பரவியது. 2019 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டின் மதுரை கிளை அதற்குத் தடை போட்டது. அதே மாதத்தில் தடை நீங்கியது. பிறகு, 2020 ஜூன் 29-ந் தேதி, நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. அவற்றில் டிக்டாக்கும் ஒன்று.

அத்துடன் தொல்லை தீர்ந்ததா?

அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவில் தொடங்கியது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் தொடங்கியது. ஒன்று போயிற்று. இரண்டு வந்தன!

கடையை மூடினால், பக்கத்தில் இன்னொரு கடை திறக்கிறது. பசி இருக்கும் வரை கடை இருக்கும்.

அழ நேரம் இல்லை

நேரம் போவது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு.

திரையில் ஒரு படம். எங்கோ வெள்ளம். ஒரு தாய் குழந்தையை இழந்து கதறுகிறாள். பார்க்கிறவர் நெஞ்சு பதறுகிறது. ஆனால் விரல் தள்ளிவிட்டது. அடுத்த படத்தில் ஒருவர் கோமாளித்தனம் செய்கிறார். பார்க்கிறவர் சிரிக்கிறார். அதற்கு அடுத்தது சோப்பு விளம்பரம்.

கதறிய தாய் எங்கே போனாள்?

தமிழர் வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால், உறவினர் வந்து உட்காருகிறார்கள். பேசக்கூட வேண்டாம். உட்கார்ந்தால் போதும். பதினாறாம் நாள் வரை துக்கத்துக்கு இடம் கொடுக்கிறார்கள். துக்கத்துக்கு மரியாதை என்பது அதற்குக் கொடுக்கும் நேரம்தான்.

கல்யாணத்துக்கும் அப்படியே. பந்தல் கால் நடுவது முதல் மறுவீடு வரை மகிழ்ச்சிக்கு நேரம் கொடுக்கிறார்கள்.

ஒரு நிமிடத்தில் அழுது, அடுத்த நிமிடத்தில் சிரித்துப் பழகியவருக்கு அழுகையும் உண்மையாக இராது. சிரிப்பும் உண்மையாக இராது. நாளடைவில், பக்கத்து வீட்டில் நிஜமாகவே ஒருவர் அழுதாலும், விரல் தள்ளுவதற்கு இடம் தேடும்!

இதற்குத்தான் அஞ்ச வேண்டும்.

நல்லதே இல்லையா?

உண்டு. மறைக்கக் கூடாது.

வீட்டில் முறுக்குச் சுட்டு விற்கும் பெண்மணிக்கு இந்தப் படங்களால் வியாபாரம் கிடைக்கிறது. மேடை கிடைக்காத கிராமத்துப் பாடகரின் குரலைக் கடல் கடந்தும் கேட்கிறார்கள்.

ஒரு விவசாயி வருகிறார். தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்கு வழி சொல்கிறார். மணலும் வேப்பங்கொட்டைத் தூளும் கலந்து, மேல் மட்டைகளின் இடுக்கில் வைக்கச் சொல்கிறார். அரை நிமிடம்தான். ஆனால் மிகவும் பயனுள்ள படம்.

அதைப் பார்த்தவர் இரண்டு வகை.

ஒருவர் போனை வைத்துவிட்டுத் தென்னை மரத்தடிக்குப் போகிறார். அவருக்கு அந்தப் படம் ஒரு பாடம்.

இன்னொருவர் "அடடே!" என்று சொல்லி, அடுத்த படத்துக்குத் தள்ளுகிறார். அவருக்கு அதுவும் நாய்க்குட்டியும் ஒன்றே.

படம் ஒன்றுதான். நின்றவருக்குப் பொருள் கிடைத்தது. தள்ளியவருக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் போதுமா?

உலகம் விழித்துக் கொள்ளத் தொடங்கிவிட்டது.

ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் ஆண்டுதோறும் ஒரு சொல்லை அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024-ம் ஆண்டின் சொல் எது தெரியுமா? "மூளை அழுகல்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்! சாரம் இல்லாதவற்றை ஓயாமல் பார்ப்பதால் அறிவு மழுங்குவதை அது குறிக்கிறது.

ஆஸ்திரேலியா சட்டமே போட்டது. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்கக் கூடாது. 2025 டிசம்பர் 10-ந் தேதி இது அமலுக்கு வந்தது. மீறினால் அபராதம் பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ அல்ல; நிறுவனங்களுக்கு!

பிள்ளைகளைக் காக்கச் சட்டம் உதவும். ஆனால் 16 வயதைத் தாண்டியவர்களை யார் காப்பது? 60 வயதுக்காரர் போர்வைக்குள் படம் பார்த்தால் எந்தப் போலீஸ் வரும்?

ஒரு சின்னக் கணக்கு

நாளைக்கு 2 மணி நேரம் ரீல்ஸ் பார்க்கிற ஒருவர், ஆண்டுக்கு 730 மணி நேரம் பார்க்கிறார். ஒரு நாளுக்கு 24 மணி. ஆகவே 730 மணி என்பது 30 நாளுக்கு மேல்.

அதாவது, இரவும் பகலும் சேர்த்து முழுதாக ஒரு மாதம்!

12 மாதம் கொண்ட ஆண்டில், அவர் வாழ்வது 11 மாதம்தான்.

அந்த ஒரு மாதத்தில் ஒரு மொழி படிக்கத் தொடங்கலாம். தையல் பழகலாம். வயதான தாயோடு உட்கார்ந்து, அவள் பிறந்த ஊரின் கதையைக் கேட்கலாம். தாய் என்றைக்கும் இருக்கப் போவது இல்லை. ரீல்ஸ் நாளைக்கும் இருக்கும்.

சுபம் போட ஆள் உண்டு

நிறுவனம் சுபம் போடாது. ஆகவே பார்க்கிறவர்தான் போட வேண்டும்.

அதற்கு எளிய வழிகள் இருக்கின்றன. சாப்பாட்டு இலையின் முன் போன் கூடாது. படுக்கும் அறைக்குள் போன் கூடாது. பிள்ளைக்குச் சோறு ஊட்டப் போனைக் காட்டக் கூடாது, நிலாவைக் காட்டலாம். பார்க்கத்தான் வேண்டுமானால், கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து எழ வேண்டும்.

எல்லாவற்றிலும் எளிய வழியை அந்தத் தாத்தாவே கண்டுபிடித்தார்.

திடுக்கிட்ட பேத்தியை அவர் திட்டவில்லை. போனைப் பிடுங்கவும் இல்லை.

"சரிம்மா. இப்போ ஒண்ணே ஒண்ணு பாரு. பார்த்ததும் போனைக் கீழே வை. அதை எனக்குச் சொல்லு" என்றார்.

அவள் பார்த்தாள். தற்செயலாக வந்தது அந்தத் தென்னை வண்டுப் படம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள். மணல் என்றாள், வேப்பங்கொட்டைத் தூள் என்றாள், மட்டை இடுக்கு என்றாள். ஒன்றுகூட மறக்கவில்லை!

"அடேயப்பா! நம்ம கொல்லையிலே நிற்கிற தென்னையும் குருத்து வாடித்தானே கிடக்கு?" என்றார் தாத்தா.

அடுப்பங்கரையில் இருந்து பாட்டியின் குரல் வந்தது:

"பேத்தியைக் கேள்வி கேட்டது போதும். ராத்திரி போர்வைக்குள்ளே நீங்க பார்க்கிறீங்களே, அதையும் நாளைக்குக் காலையிலே ஒண்ணொண்ணா வந்து என்கிட்டே சொல்லணும்!"

தாத்தா வாயைத் திறக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக் கொண்டு, கொல்லைப் பக்கம் நடந்தார். பேத்தி சிரித்துக் கொண்டே பின்னால் போனாள்.

போன் கூடத்திலேயே கிடந்தது.

சுபம்!